மணலுக்குத் தெரு இல்லை

காஞ்சிபுரத்துக்கு வர நினைக்கிற எழுத்தாள நண்பர்களில் பலர், வருவதற்கு முன்பே கடிதத்தில் கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு: "திருவிழாச் சமயத்தில் வந்தால் அங்கே செய்வதற்கு என்ன இருக்கிறது?" பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சுலபம். கைலாசநாதர் கோயில் இருக்கிறது. வைகுந்தப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் பல்லவர் சரித்திரத்தைச் சொல்லும் சிற்ப வரிசை இருக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவதைப் பார்க்கலாம். செய்வதற்கு என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியை நான் பரிகாசமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு ஊரின் விழாவில் வெளியாளுக்கு என்ன வேலை என்பது நியாயமான கேள்வி. இலக்கியத்தில் வாசகனுக்கு என்ன வேலை என்று இத்தனை வருஷமாக நாம் சண்டை போட்டு வருகிறோம். அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய கேள்விதான் இது.

ஸ்காட்லாந்தில் கிராமத்து விழாக்களுக்கு அச்சடித்த நிகழ்ச்சி நிரல் உண்டு. காலையில் வழிகாட்டியோடு மலை நடை. தண்ணீர் புகாத செருப்பு அவசியம் என்று அடியில் குறிப்பு. மத்தியானம் மலையேறி இறங்கும் ஓட்டப் பந்தயம், கயிறிழுப்பு, மரத்தூணைத் தூக்கி எறியும் போட்டி. இரவில் ஊர்ச் சாவடியில் நடனம். செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமார் என்ற ஊரில் நடப்பது இவற்றில் பிரசித்தமானது. ராஜ குடும்பத்தார் வந்து உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். விருந்தாளி கையைப் பிசைந்துகொண்டு நிற்கக்கூடாது என்று யாரோ முன்கூட்டியே கவலைப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கவலையில் ஒரு மரியாதை இருக்கிறது.

இரவு நடனத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கெய்லி. கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்கு மூலப் பொருள் ஒருவர் வீட்டுக்குப் போய் வருவது. குளிர்கால இரவில் பக்கத்து வீட்டுக்குப் போவார்கள். கணப்பைச் சுற்றி உட்காருவார்கள். வந்தவர் ஒரு கதையோ பாட்டோ ஊர்ச் செய்தியோ கொடுத்தாக வேண்டும். போவதுதான் விழா, போனவன்தான் நிகழ்ச்சி. இன்று அது வாத்தியக் கோஷ்டியோடு, அடிகளை உரக்கச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளோடு, தெரியாதவர்களையும் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுக்கிற நடனமாகியிருக்கிறது. கதையும் ஊர்ச் செய்தியும் பின்னால் போய்விட்டன. ஆனாலும் வந்தவன் சும்மா நிற்கக் கூடாது என்ற பழைய விதி இன்னும் மீதியிருக்கிறது.

நம்முடைய கோயில்களும் உற்சவப் பத்திரிகை அடிக்கிறார்கள். அதில் எந்த நாள் எந்த வாகனம், எத்தனை மணிக்குப் புறப்பாடு, எப்போது திருமஞ்சனம் என்று இருக்கும். ஸ்வாமி என்ன செய்வார் என்று எல்லாம் இருக்கும். வருகிறவன் என்ன செய்வான் என்று ஒரு வரி கிடையாது. இதை அலட்சியம் என்று நினைத்தவர்கள் உண்டு. வேறு மாதிரியும் நினைக்கலாம் என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

சித்ரா பௌர்ணமியை எடுத்துக்கொள்கிறேன். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாள் புறப்படுகிறார். வழியெல்லாம் மண்டகப்படிகளில் நின்று நின்று, செவிலிமேடு கடந்து, பாலாற்றுக்கு அப்பால் தூசி முதலிய ஊர்களுக்குப் போய், ஐயங்கார்குளம் சேர்கிறார். அங்கே சஞ்சீவிராயர் கோயில். அதை அடுத்து நடவாவி. வாவி என்றால் கிணறு. நடந்து இறங்குகிற கிணறு. விஜயநகர காலத்தில் தாத்தாச்சாரியார் குடும்பத்தின் செல்வாக்கில் உண்டான கோயிலும் குளமும் கிணறும் இவை. தரைக்கு மேலே பார்த்தால் ஒரு தோரண வாயில் மட்டும் நிற்கும். அதற்குள் படிகள் பூமிக்குள் இறங்கும். கீழே தூண்களோடு ஒரு கல் மண்டபம். மண்டபத்துக்கு நடுவில் கிணறு. வருஷத்தில் பெரும்பகுதி மண்டபம் தண்ணீருக்குள் கிடக்கும். சித்திரையில் தண்ணீரை இறைத்து வெளியேற்றிவிட்டுப் பெருமாளைப் படி வழியாகக் கீழே இறக்குவார்கள். அவர் பூமிக்கு அடியில் கிணற்றைச் சுற்றி வலம் வருவார்.

வெளியாளாக வந்தவர் இதில் என்ன செய்ய முடியும்? நடக்கலாம். இதைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று முதலில் தோன்றும். சித்திரை வெயிலில் தாரில் கால் வைக்க முடியாது. ஓரத்து மண்ணில் இறங்கி நடக்க வேண்டும். மண்டகப்படிக்கு மண்டகப்படி நீர்மோரும் பானகமும் யாராவது கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஸ்ரீபாதம் தாங்குகிறவர்கள் தோள் மாற்றுகிற இடத்தில் கூட்டம் தானாக நிற்கும். முன்னே பிரபந்த கோஷ்டி, பின்னே வேத கோஷ்டி. முன்னால் யார் சொல்வது, எதைச் சொல்லித் தொடங்குவது என்று வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் உள்ள வழக்கு கோர்ட்டு வரை போய்த் தலைமுறைகளைத் தாண்டி வந்திருக்கிறது. அந்தத் தகராறு தெருவிலேயே எழுந்தால் பெருமாளும் நிற்பார், நாமும் நிற்போம். இரண்டு மூன்று மணி நேரம் நடந்த பிறகுதான் ஒரு விஷயம் பிடிபடும். இங்கே வேடிக்கை பார்க்கக் கிளம்பியிருப்பவர் பெருமாள். ஊர் சுற்றுகிறவர் அவர். வாசலில் கோலம் போட்டு, தேங்காய் பழத்தோடு நிற்கிற ஊர்க்காரர்கள் வீட்டுக்காரர்கள். நாம் அந்த விருந்தாளியின் கூட வந்த ஆட்கள். கூட வந்தவனுக்குத் தனியாக நிகழ்ச்சி நிரல் யாரும் போடுவதில்லை. ஆனால் அவனுக்கும் இலை உண்டு.

தை மாதத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மாட்டுப் பொங்கலன்று இதே பெருமாள் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்குப் போகிறார். கோயிலின் கல் மூலவர் அந்த ஊர் மலையிலிருந்து வந்தவர் என்பது ஐதீகம். ஆகவே பிறந்த ஊருக்குப் போய் வருவது போல. மலை ஏறி இறங்கி, ஆற்றைக் கடந்து எதிர்க்கரைத் திருமுக்கூடல் போகிறார். செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு சேர்கிற இடம் அது. சுற்றுவட்டாரப் பெருமாள்களும் அங்கே வந்து சேருவார்கள். ஊர் ஊராக ஜனங்கள் தங்கள் தங்கள் ஸ்வாமியோடு வந்து, கட்டுச் சோற்றைப் பிரித்து, கரும்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திருமுக்கூடல் கோயில் சுவரில் 11ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சேர்ந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள். ஒரு வைத்தியர், சஸ்திர சிகிச்சை செய்கிற ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், பணிவிடைக்குப் பெண்கள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், என்னென்ன மருந்து சேமிப்பில் இருக்க வேண்டும் என்று எல்லாக் கணக்கும் கல்லில் இருக்கிறது. வந்து தங்குகிறவனைப் பற்றி நம்மவர்கள் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவன் பசியையும் நோயையும் பற்றி யோசித்திருக்கிறார்கள். அவனுக்குப் பொழுது போகுமா என்று மட்டும் கவலைப்படவில்லை.

நடவாவியிலிருந்து திரும்பும் வழியில் பாலாறு. இதற்காகத்தான் என் அப்பா போவார். நாங்கள் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்கள், சைவக் குடும்பம். நெற்றி நிறைய விபூதியோடு பெருமாளுக்குப் பின்னால் நடப்பதில் அப்பாவுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. அவருக்குத் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்த பொழுதுகள்தான் ஆயுளில் பாதி. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். கரைக்கும் உடலுக்கும் ஊடை வெவ்வேறாகப் போய்க் கோத்துக்கொள்ள வேண்டும். மறுபக்கம் நாடாவை வாங்கித் திருப்பித் தர ஒரு பையன் வேண்டும். அந்தப் பையனாக நான் ஐந்து வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். வருஷத்தில் ஒரு நாள் அப்பா நீட்டி நடக்கிற நடை இதுதான். கால் இருக்கிறது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளப் போகிறேன் என்பார்.

ஆற்றில் பந்தல் போட்டிருப்பார்கள். மணலில் பள்ளம் தோண்டி, ஊறி வருகிற தண்ணீரை வைத்து நடப்பது ஊறல் உற்சவம். பெருமாளுக்கு ஒரு பள்ளம் என்றால் ஜனங்களுக்கு ஆயிரம் பள்ளம். குடும்பத்துக்கு ஒன்றாகக் கையால் பறிப்பார்கள். அப்பா முழங்கை ஆழம் பறித்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார். முதலில் வருவது கலங்கல். அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் முறையும் கொட்ட வேண்டும். மூன்றாவதாக ஊறுவது குடிக்கிற தண்ணீர். அவசரப்பட்டு முதல் தண்ணீரில் வாய் வைத்தால் பல்லில் மணல் நெறநெறக்கும். புளியோதரையும் தயிர் சாதமும் பிரிப்பார்கள். மந்தாரை இலை வாசனையும் மிளகும் சுக்கும் ஏறிய கோயில் இட்லி யாராவது கொண்டுவந்திருந்தால் ஆளுக்கு ஒரு விள்ளல். பிள்ளைகள் நிலவில் மணல் மேட்டிலிருந்து உருளும். ராட்டினக்காரன், பலூன்காரன், வளையல் கடை. பெரியவர்கள் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். செய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பள்ளம் பறிக்கலாம், தெளிகிற வரை உட்கார்ந்திருக்கலாம்.

இதோடு நிறுத்தினால் நான் கோயில் தல வரலாறு எழுதுகிறவன் ஆகிவிடுவேன். நிறுத்த முடியாததற்குக் காரணம் ஒரு சிநேகிதர். இந்த மாதிரிப் பத்திரிகைகளில் கொஞ்சமாகக் கவிதைகள் எழுதியவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக் காலனியைச் சேர்ந்தவர். சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வந்த நண்பர்களை ஒரு சித்திரையில் நடவாவிக்கு அழைத்துப் போகும்போது அவரையும் கூப்பிட்டேன். "உங்க சாமி வர்ற பாதையில எங்க தெரு இல்லை. நான் யாரோட தெருவுல நின்னு பாக்கறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் கேட்பவர் போலச் சொன்னார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் ஸ்வாமி புறப்பாட்டின் பாதை எத்தனையோ ஊர்களில் சேரி முனையில் திரும்பிவிடுகிறது. பெருமாள் விருந்தாளி, ஊர் வீட்டுக்காரன் என்று மேலே எழுதினேன். எந்த வீட்டுக்கு விருந்தாளி போகவில்லை என்றும் சேர்த்து எழுதினால்தான் அது முழு வாக்கியம். உபசாரம் என்பதற்கு எல்லைக்கல் உண்டு. அந்தக் கல் இருக்குமிடத்தைப் பற்றிக் கல்வெட்டு எதுவும் வெட்டி வைப்பதில்லை; வெட்டாமலே எல்லோருக்கும் தெரியும்.

அவர் கூப்பிட்டது கூத்துக்கு. எங்கள் பக்கம் கிராமங்களில் திரௌபதி அம்மன் விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம் பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டி ஈரப் புடவையோடு கீழே பெண்கள் மடியேந்தியிருப்பார்கள். கடைசி நாள் படுகளம். களத்தில் மண்ணால் துரியோதனன் ராட்சச உருவாகக் கிடப்பான். பீமன் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி. இதில் யார் நடிகன், யார் பார்வையாளன் என்று கோடு கிழிப்பது சுலபம் அல்ல. மடியேந்துகிற பெண் நாடகம் பார்க்கவில்லை. 1970களில் ந. முத்துசாமி புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து எழுதியதும், 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கியதும் நம் வட்டத்துக்குத் தெரிந்த சரித்திரம். புரிசை எங்களுக்குத் தொலைவு அல்ல. அவர் எழுதிய பிறகுதான் நம்மில் பலர் கூத்தைக் கலை என்று ஒப்புக்கொண்டோம். ஆனால் நகரத்து அரங்குக்குக் கூத்து வந்தபோது அடவும் குரலும் கிரீடமும் வந்தன, மடியேந்தியவர்கள் வரவில்லை. அரங்கில் நமக்குக் கிடைத்தது பார்க்கிற வேலை மட்டும். அதை ரஸனை என்றோம்.

படுகளத்துக்கு என்னோடு வந்த நகரத்து நண்பர் ஒருவர் மண் துரியோதனனின் தலைமாட்டில் நின்று வெகு நேரம் படம் எடுத்தார். நல்ல படங்கள். பக்கத்தில் ஒரு கிழவி செத்தவனுக்கு மாரடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். தீயவன்தானே என்று நண்பர் என்னிடம் கேட்டார். கவிஞர்தான் பதில் சொன்னார்: "செத்துட்டான் இல்ல." விமர்சனக் கட்டுரைகளில் இரக்கம் பற்றி நாம் எழுதியதையெல்லாம் விடச் சுருக்கமான பதில்.

எதிர்ப்பக்க உதாரணமும் எங்கள் ஊரிலேயே உண்டு. 2019இல் அத்தி வரதர் வந்தார். 40 வருஷத்துக்கு ஒரு முறை குளத்திலிருந்து எழுந்தருளும் மர விக்கிரகம். முந்தைய முறை 1979. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். முதல் 31 நாள் சயனத் திருக்கோலம், பிறகு நின்ற கோலம். சுமார் ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்கு. இங்கே ஸ்வாமி ஓரிடத்தில் இருந்தார்; நாம் அவரைத் தாண்டிப் போனோம். மூங்கில் தடுப்புக்குள் மணிக்கணக்காக நின்று, சில விநாடி பார்த்து, நகரு நகரு என்ற குரலில் வெளியே வந்தோம். முக்கியஸ்தர்களுக்குத் தனி வழி, தனி அட்டை. நெரிசலில் உயிர்கள் போயின. அத்தனை ஜனங்களின் சிரத்தையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. வயசானவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து நின்றார்கள். தெருக்காரர்கள் திண்ணையைத் திறந்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். அதில்தான் கொஞ்சம் விழா இருந்தது. வரிசைக்குள் இருந்தவனுக்கு நகர்வதைத் தவிர வேலை இல்லை. கவிஞர் ஒரு நாள் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தார். "இங்க தெருப் பிரச்சினை இல்லை. எல்லாரும் சமமா நசுங்கினோம். தனி அட்டைக்காரங்களைத் தவிர" என்றார்.

சித்ரா பௌர்ணமிக்கும் அவர் ஒருமுறை வந்தார். அது அத்தி வரதருக்குப் பல வருஷம் முன்பு. பாதைக்கு வரவில்லை. தன் ஊரிலிருந்து நேராக ஆற்றுக்கு வந்துவிட்டார், துண்டும் சோற்று மூட்டையுமாக. அப்பா பறித்த பள்ளத்தின் அருகே உட்கார்ந்தார். அப்பா யார் என்ன என்று கேட்கவில்லை. கேட்காததற்கு அவருடைய பெருந்தன்மை காரணமா, இருட்டும் அசதியும் காரணமா என்று நான் ஆராயவில்லை. மணலில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கும் ஏதாவது வழக்கம் இருந்திருக்கும். ஆயிரக்கணக்கான பேர் பரந்து கிடக்கிற இடத்தில் அதை நடத்திக் காட்டுவது கஷ்டம். இரண்டு தண்ணீரைக் கொட்டிவிட்டு மூன்றாவதை அப்பா செம்பில் மொண்டு முதலில் அவரிடம் நீட்டினார். விருந்தாளி என்பதால் இருக்கலாம். அவர் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "மணலுக்குத் தெரு கிடையாது."

அந்த மணல்தான் போய்விட்டது. லாரி லாரியாக, வருஷக் கணக்காக. சட்டப்படி எடுத்தது, திருட்டுத்தனமாக எடுத்தது இரண்டும் ஒரே ஆற்றிலிருந்துதான். மணல் என்பது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பாத்திரம். பாத்திரம் போனபின் கீழே களிமண்ணும் மேலே சீமைக் கருவேலமும் மிஞ்சின. பெருமாளுக்குப் பள்ளம் இன்றும் தோண்டுகிறார்கள், உற்சவம் நிற்கவில்லை. ஜனங்களின் ஆயிரம் பள்ளங்கள் குறைந்துவிட்டன. சடங்கு பிழைத்துக்கொள்ளும், சடங்கைச் சுற்றி யாரும் கேட்காமல் யாருக்கும் கிடைத்துவந்த இடம்தான் முதலில் போகும். மரபு அழிகிறது என்று புலம்புகிறவர்களும், அழியட்டும் என்கிறவர்களும் பந்தலுக்குள் நடப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பந்தலுக்கு வெளியே கிடந்த மணலைப் பற்றிப் பேச ஆள் இல்லை. கவிஞருக்கு இடம் இருந்தது அங்கேதான்.

2021 நவம்பரில் பாலாற்றில் கரை கொள்ளாமல் வெள்ளம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் செவிலிமேடு பாலத்துக்குப் போனோம். ஊரே அங்கே நின்றது. தோளில் குழந்தைகள், சுண்டல் விற்கிறவர், கயிறு கட்டி ஜனங்களை விலக்கும் போலீஸ்காரர். ஸ்வாமியும் இல்லை, பத்திரிகையும் அடிக்கவில்லை. தண்ணீரைப் பார்க்கப் புறப்பட்டு வந்தவர்கள். கொஞ்சம் மணலாவது கொண்டுவந்து போட்டிருக்கும் என்றார் கவிஞர்.

அடுத்த சித்திரையில் இறங்கிப் பார்த்தோம். சில இடங்களில் போட்டிருந்தது. அப்பா அப்போது இல்லை. முழங்கை ஆழம் பறித்ததும் ஈரம் தட்டியது; அதற்குக் கீழே களிமண். பக்கத்தில் நின்ற ஒரு பையன், தண்ணி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான். உட்காரச் சொன்னோம்.